தேன் லேபிளின் முதல் வரி

மீரா உசேன் கடைக் கண்ணாடி அலமாரியில் தன் தேன் பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் ஞானாம்பாளுக்கு முதலில் சந்தோஷந்தான் வந்தது. கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில், சிங்கப்பூர் சோப்புக்கும் மலேயாத் தைலத்துக்கும் நடுவில், மேலவிளாகத்துத் தேன் காலை வெயிலில் பளபளவென்று நின்றது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பினாள். நாலாம் வகுப்பு வரை படித்தவள். அச்செழுத்தைத் தடுமாறாமல் வாசிப்பாள். முதல் வரியை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். அடுத்த பாட்டிலை எடுத்தாள். அதிலும் அதேதான் இருந்தது.

பிள்ளையார் சுழிக்கு நேர் கீழே, தடித்த எழுத்தில், "மேலவிளாகம் பெரிய பண்ணை மிராசுதார் உயர்திரு சாரங்கபாணி அவர்கள் ஆதரவில்" என்று அச்சாகியிருந்தது. அதற்கும் கீழேதான் "சுத்தமான தேன்" என்பது வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், த. ஞானாம்பாள்.

"இத யாரு பாய் போடச் சொன்னது?"

அவள் குரல் மாறியிருந்ததை மீரா உசேன் கவனித்தார். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். அச்சுக்கார இராஜாங்கம் லேபிள்களை நேராகக் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாகவும், தாம் படித்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். "வீட்ல எல்லாருமா உக்காந்து பசை தடவி ஒட்டுனோம், தங்கச்சி. ஒங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு." அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அவரிடம் கோபிக்க அவளுக்கு வாய் வரவில்லை. கோபம் மட்டும் வந்த வழியே திரும்பிப் போகாமல் நெஞ்சுக்குழியிலேயே நின்றது.

அந்த ஒரு வரிக்கு இத்தனை கோபமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். மேலவிளாகத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

சாரங்கபாணியின் நிலத்தில் ஞானாம்பாளின் மாமனார் காலத்திலிருந்து குத்தகைச் சாகுபடி. ஐந்து ஏக்கர் வருகிற பதினைந்து மா வயலும், வாய்க்காலை ஒட்டிய தென்னந்தோப்பும். கதர் வாரியத்தார் ஒரு முறை ஊருக்கு வந்து தேனீப் பெட்டி வைக்கக் கற்றுக் கொடுத்தபோது, கொட்டும் என்று எல்லாரும் விலகி நின்றார்கள். ஞானாம்பாள் ஒருத்திதான் கிட்டப் போனாள். ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. இப்போது தோப்பு நிழலில் ஏழெட்டுப் பெட்டிகள். தென்னம்பாளையும் புங்கம்பூவும் இலுப்பையும் அவளுக்குத் தேன் கொடுத்தன. முதல் எடுப்பு பண்ணை வீட்டுக்கு என்பது வழக்கம். பொங்கலுக்குப் பரங்கிக்காயும் வாழைத்தாரும் சுமந்து போகிற மாதிரி தேனும் போனது. சாரங்கபாணி அதை டாக்டருக்கும் வக்கீலுக்கும் வருகிற அதிகாரிக்கும் கொடுப்பார். "நம்ம பண்ணைத் தேன்" என்று சொல்லிக் கொடுப்பார். பின்கட்டில் நின்றுகொண்டு அதைக் கேட்டுக் கேட்டு அவள் காது பழகிப் போயிருந்தது. அப்போதெல்லாம் அது அவளுக்கு வருத்தமாகக்கூடத் தெரிந்ததில்லை. பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று இருந்துவிட்டாள்.

பிறகு சர்க்காரில் சட்டம் வந்தது. உழுகிறவன் பெயரைக் குத்தகைதாரன் என்று பதிந்து கொள்ளலாம் என்றார்கள். தயங்கித் தயங்கி நின்ற புருஷன் தங்கையனை முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாகத் தாலுகா கச்சேரிக்கு அனுப்பியவள் ஞானாம்பாள்தான். பெயர் பதிவானது. பதிவான கையோடு சாரங்கபாணி ஆட்சேபணை மனுப் போட்டார். வயலும் தோப்பும் தம்முடைய சொந்தச் சாகுபடி, தங்கையன் தாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் காவல்காரன், தோப்பில் இருக்கும் தேன்பெட்டி உட்பட எல்லாம் பண்ணையைச் சேர்ந்தவை என்று எழுதியிருந்தார். அன்றோடு பண்ணை வீட்டுக்குத் தேன் போவது நின்றது. மூன்று வாய்தா தள்ளிப் போய், கடைசி வாய்தா வருகிற வியாழக்கிழமை என்று ஆகியிருந்தது.

இந்த வேளையில் பண்ணையின் ஆதரவில் தேன் எடுக்கிறேன் என்று தன் பெயரைப் போட்டுத் தானே அச்சடித்து ஊரெங்கும் விற்றால், அவர் எழுதிக் கொடுத்த மனுவுக்கு இவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

"நேத்து பண்ணை ஆளு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டாள்.

மீரா உசேன் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். காரியக்காரர் ரெங்கசாமி வந்திருந்தார். லேபிளை நின்று படித்தார், சிரித்தார், இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

ஞானாம்பாள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு, மீதியை விற்க வேண்டாம் என்று சொன்னாள். சொல்லும்போதே, கடைக்காரரிடம் விற்கிற சரக்கை விற்காதே என்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. மீரா உசேன் பின்னாலிருந்து ஒரு அகலமான அலுமினியத் தொட்டியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பாட்டில்களை ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து இறக்கி அதில் நிற்க வைத்தார். ஒட்டிய பசை ஊறிக் கழன்று காகிதம் மிதக்க ஆரம்பித்ததை அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கோபம் முழுக்க இராஜாங்கத்தின் மேல் திரண்டது. அந்த மனிதர் அலட்சியக்காரர் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. அந்த லேபிளை அவரும் இவளுமாக உட்கார்ந்து எவ்வளவு பாடுபட்டு உண்டாக்கினார்கள்.

வெளிநாடு போகிறவர்கள் பெயரில்லாத பாட்டிலைப் பெட்டியில் வைக்க மாட்டார்கள், லேபிள் போட்டுக் கொண்டாருங்கள் என்று சொன்னவர் மீரா உசேன். தங்கையனும் அவளுமாக இராஜாங்கத்தின் அச்சுக்கூடத்துக்குப் போனார்கள். கால் மிதி எந்திரம் ஒன்று, எழுத்துப் பெட்டிகள், இராஜாங்கம் ஒருவர், அவ்வளவுதான் அச்சுக்கூடம். படத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். எல்லாம் தேர்தல் நோட்டீசுக்கு வாங்கிய கட்டைகள். உதயசூரியன் நன்றாயிருக்கிறது என்று தங்கையன் ஆசைப்பட்டான். அதைப் போட்டால் ஊரில் பாதிப் பேர் தேனைத் தொட மாட்டார்கள் என்றார் இராஜாங்கம். இரட்டை இலை இருந்தது. அதைப் போட்டால் மற்றப் பாதி தொடாது. நெற்கதிரும் அரிவாளும் இருந்தது. அதைப் போட்டால் போலீசு வந்து தோப்பில் உட்காரும். மிச்சம் பசுவும் கன்றும். தேனுக்கும் மாட்டுக்கும் என்ன உறவு என்று ஞானாம்பாள் கேட்டாள். கடைசியில் டப்பாவின் அடியிலிருந்து பூச்சி மருந்து விளம்பரத்துக்குச் செய்த ஒரு ஈயின் கட்டையை எடுத்து, "இத வேணா தேனீன்னு வச்சுக்கலாங்களா?" என்றார். மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் அவள் தானாகச் செத்துக் கிடந்த தேனீ ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அதைப் பார்த்துப் பார்த்துப் பலாக்கட்டையில் செதுக்கினார். இடுப்பு இன்னும் ஒடுங்கணும், இறக்கை இவ்வளவு நீளமில்லை என்று அவள் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, முகம் சுளிக்காமல் திருத்தினார். வார்த்தைகளையும் அவளே சொன்னாள். மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே சுத்தமான தேன். அதற்குக் கீழே என் பெயர், ஊர். வேறொன்றும் வேண்டாம். அவர் பென்சிலை வைத்துக்கொண்டே, "வேற ஒண்ணுமே வேணாங்களா?" என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டார். பூவேலைப்பாடு ஏதாவது வைக்கக் கேட்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் தங்கையன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ரெங்கசாமி வந்து போயிருந்தார். லேபிளைப் பார்த்துப் பண்ணைக்கு ரொம்ப திருப்தியாம். பழைய விசுவாசம் போகவில்லை என்று சொன்னாராம். பதிவை வாபஸ் வாங்கிக்கொண்டால் தோப்பை ஆயுசு முழுக்க இவர்களே அனுபவித்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதாகத் தங்கையன் சொன்னான். பயந்த சுபாவம், ஆனால் கெட்டவன் இல்லை. நடவும் அறுப்பும் போராட்டமும் போலீசுமாகச் சுற்றுவட்டாரமே கொதித்துக் கிடந்த வருஷங்கள் அவை. பக்கத்து ஊரில் கூலி கேட்டவர்களின் குடிசைகளைப் பிரித்துப் போட்டதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். சண்டையில்லாமல் முடிந்தால் போதும் என்பதுதான் அவன் வேண்டுதல். ஒரு காகிதத்துக்காக இத்தனை தூரம் போக வேண்டுமா என்று கேட்டான்.

"பதிவும் காகிதந்தாங்க" என்றாள் ஞானாம்பாள். "அவரு வாயால குடுக்கறத நாளைக்கு வாயாலயே எடுத்துக்குவாரு. அப்ப எந்தக் கச்சேரிக்குப் போவீங்க? இந்த பாட்டில அவரு அங்க காட்டி, நீங்களே ஒத்துக்கிட்டீங்களேன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அன்றிரவு அவள் தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் சோறு சிதறியது. சிதறியதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவன் தட்டில் சுட்ட அப்பளத்தை வைக்க மறக்கவில்லை. தன் பங்குக்கு அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள்.

காலையில் எழுந்ததும் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்தாள். கடைத்தெரு நடுவில் நின்று, நாலு பேர் கேட்க, அச்சுக்கூட வாசலில் இதைப் போட்டு உடைக்க வேண்டும். தேன் வழிந்து ஓடினாலும் சரி. அதைச் சுமந்து வந்த பூச்சிகளிடம் மனசுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டாள்.

அச்சுக்கூடம் பூட்டியிருந்தது. பக்கத்துத் தையல்காரர், இராஜாங்கம் வெண்ணாற்றுப் பாலத்துக்கு அப்பால் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வீட்டு வாசலிலேயே உடைக்கலாம் என்று நடந்தாள்.

வாசலில் இராஜாங்கத்தின் மனைவி எல்லையம்மாள் நின்றிருந்தாள். யாரையோ எதிர்பார்த்துத் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஞானாம்பாளின் கையில் தேனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சொல்லியனுப்பிட்டாரா? மாரியாத்தாளா பாத்து அனுப்புனாப்ல வந்தீங்க. விடியக்காலம் எங்க பொண்ணு புள்ள பெத்துருக்கா. சேனைக்குத் தேனில்லாம தவிச்சுக்கிட்டிருக்கோம். வாங்க, வாங்க."

எந்த வீட்டிலும் பிள்ளை பிறந்ததும் முதலில் நாக்கில் ஒரு சொட்டு இனிப்பு வைப்பார்கள். அதற்குப் பெயர் சேனை. யார் கையால் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் நல்ல பெயரெடுத்த ஒருவரைத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். அந்தக் காரியத்துக்குத் தேனோடு வந்த மகராசி என்று தன்னை நினைத்துக்கொண்டு இந்த அம்மாள் இழுக்கிறாள் என்பது ஞானாம்பாளுக்குப் புரிவதற்குள், அவள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் எல்லையம்மாள் கைக்குப் போய்விட்டது. அறைக்குள்ளிருந்து பச்சைப்பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது.

கோத்து வைத்திருந்த வார்த்தைகளை அந்தக் கூடத்தில் எப்படிச் சொல்வது? கோபம் வந்தவர்களுக்கு ஆண்டவன் சில சமயம் இப்படித்தான் ஒரு பாயைப் போட்டு உட்கார வைக்கிறான்.

கொல்லைப்புறத்திலிருந்து வெந்நீர் அண்டாவோடு வந்த இராஜாங்கம் அவளைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். லேபிள் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடியைக் காட்டினார்.

கிணற்றடியில் நின்று அவள் தன் கோபம் முழுவதையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். பெற்றவள் காதில் விழக் கூடாதே என்று சத்தத்தை அடக்க அடக்க, வார்த்தை ஒவ்வொன்றும் நெருப்பாக வந்தது. பதிவைப் பற்றிச் சொன்னாள். மனுவைச் சொன்னாள். ரெங்கசாமி சிரித்துக்கொண்டு வாங்கிப் போன இரண்டு பாட்டிலைச் சொன்னாள். வியாழக்கிழமை கச்சேரி மேசைமேல் அது வந்து நிற்கப் போவதைச் சொன்னாள். இராஜாங்கம் ராட்டினக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் அவர் பேசினார். தொழில் ஆரம்பித்த புதிதில், மேலவிளாகத்து நாடக நோட்டீசு ஒன்றில் பண்ணையின் பெயரைத் தெரியாமல் விட்டுவிட்டாராம். பண்ணையாட்கள் வந்து அத்தனை நோட்டீசையும் எதிர்த்த டீக்கடை அடுப்பில் போட்டு எரித்தார்கள். மறுபடி சொந்தக் காகிதம் போட்டு அடித்துக் கொடுத்தார். அதிலிருந்து அந்த ஊர்ப் பெயர் வந்தாலே அந்த வரியைக் கை தானாகக் கோத்துவிடும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும்.

"நீங்க கோவத்துல விட்டுட்டீங்க, அது ஒங்களுக்கே வெனையா முடியும்னு நெனச்சேம்மா. நல்லது பண்றதாத்தான் நெனச்சேன்."

"எங்க வீட்டுக்கும் சேத்துப் பயப்படச் சொல்லி யாரு ஒங்கள வச்சது?"

அவர் வியாழக்கிழமை கச்சேரிக்கு வந்து, அந்த வரி தான் போட்டது என்று சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள். அவர் கண் கிணற்றுக்குள் போய்விட்டது. அந்த ஊர் வேலையும் அதைச் சுற்றிய நாலு ஊர் வேலையும் பண்ணையின் கண்ணசைவில்தான் தமக்கு வருகிறது என்றார். வீட்டில் இப்போது இன்னொரு வாய் கூடியிருக்கிறது என்றும் சொன்னார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குள் எல்லையம்மாள் கொல்லைக் கதவுக்கு வந்துவிட்டாள். சேனை வைக்கத் திருத்துறைப்பூண்டியிலிருந்து வர வேண்டிய பெரியப்பா வரவில்லை. நல்ல நேரம் போகப் போகிறது. தேன் கொண்டுவந்த கையே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டாள்.

ஞானாம்பாள் பின்வாங்கினாள். "நான் கோவத்துல இருக்கேங்க. இந்தக் கையால பச்சப்புள்ளைக்கு வைக்கக் கூடாது. வேற யாராச்சும் வைங்க."

எல்லையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்களே வைக்கட்டும்" என்றார் இராஜாங்கம். "அந்தக் கோவம் கொஞ்சம் புள்ளைக்கு வரட்டும். எங்குணம் வேணாம் அதுக்கு."

நீ கச்சேரிக்கு வா, அப்போது வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை ஞானாம்பாளின் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் அவர் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாத குழந்தையை வைத்துப் பேரம் பேச அவளுக்கு மனம் வரவில்லை. வந்த வார்த்தையை விழுங்கினாள். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கைகால் கழுவினாள். பாட்டிலை வாங்கி அதன் மேலிருந்த காகிதத்தை நனைத்து, நகத்தால் சுரண்டி எடுத்து எறிந்துவிட்டு, உள்ளே போனாள்.

குழந்தை சிவந்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. அவள் சுண்டுவிரல் நுனியில் ஒரு பொட்டுத் தேனைத் தொட்டு அதன் நாக்கில் வைத்தாள். தாயே, இந்த எரிச்சல் இதற்கு வேண்டாம்; யாராவது இதன் சோற்றைத் தன் சோறு என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கொடு என்று வேண்டிக்கொண்டாள். குழந்தை உதட்டைச் சப்புக் கொட்டியது.

பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வரும்போது இராஜாங்கத்தின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கோபம் ஒரு இம்மியும் குறைந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை மன்னார்குடித் தாலுகா கச்சேரியில் கூட்டம் நெருக்கியது. சாரங்கபாணி வந்திருந்தார். வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நாற்காலியில் உட்கார்ந்து, தங்கையனைப் பார்த்ததும் வீட்டு மனிதனைப் பார்த்த மாதிரி சிரித்தார். தங்கையன் பழக்கத்தில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனான். ஞானாம்பாள் பின்னாலிருந்து அந்தத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். துண்டு தோளிலேயே நின்றது.

சாரங்கபாணியின் வக்கீல் பையிலிருந்து தேன் பாட்டிலை எடுத்துத் தாசில்தார் மேசையில் வைத்தார். தாசில்தார் அதைத் திருப்பிப் படித்தார்.

"இது நீங்க அச்சடிச்சதுதானே?" என்று தங்கையனைக் கேட்டார்.

தங்கையன் ஆமாம் என்றும் இல்லை என்றும் தலையாட்டினான். ஞானாம்பாள் முன்னால் வந்தாள். அந்த வரி தாங்கள் கொடுத்தது இல்லை, அச்சுக்காரர் தாமாகச் சேர்த்தது என்றாள். அப்படிச் சொல்ல இப்போது வசதியாக இருக்கும் என்றார் வக்கீல். அச்சுக்காரர் எங்கே என்று தாசில்தார் கேட்டார். அவளுக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை பேர் முன்னால் அது விழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க இருக்கேங்க" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

இராஜாங்கம் காலையிலிருந்தே கச்சேரி வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே வரத்தான் கால் வரவில்லை. இப்போது தோளில் ஒரு துணிப்பையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சாரங்கபாணி இருக்கும் பக்கம் திரும்பாமல், மேசையின் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர்கள் சொன்னதில் அந்த வரி இல்லை. தாமாகப் போட்டது. அந்த ஊர் அச்சு வேலை எல்லாவற்றிலும் போடுவதுதான்.

"எல்லாத்துலயுமா?" என்றார் தாசில்தார்.

"எல்லாத்துலயுங்க. கருமாதிப் பத்திரிகையிலகூடப் போட்டிருக்கேங்க."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இருமல் பரவியது. வக்கீல் பாட்டிலை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரு போடச் சொன்னது?"

"இதுல யாரும் சொல்லலைங்க." இராஜாங்கம் இப்போதுதான் நிமிர்ந்தார். "பயங்க. வேறொண்ணுமில்ல."

தாசில்தார் பாட்டிலை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று வக்கீலைக் கேட்டார். சம்பளம் கொடுத்ததற்கு ஒன்றும் இல்லை. தங்கையன் பக்கத்துக்குக் களத்தில் நெல் அளந்தவரும், வாய்க்கால் முறைத் தண்ணீர் விட்டவரும் சாட்சி சொன்னார்கள். மத்தியானத்துக்குள் மனு தள்ளுபடியாகி, தங்கையனின் பதிவு நின்றது. சாரங்கபாணி யாரையும் பார்க்காமல் எழுந்து காருக்குப் போனார்.

வெளியே மரத்தடியில் ரெங்கசாமி இராஜாங்கத்தை நிறுத்தி இரண்டே வார்த்தை பேசினார். இனிமேல் மேலவிளாகத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் வராது என்பதுதான் அது. தங்கையன் அதைக் கேட்டு நெஞ்சு உருகிப் போனான். இராஜாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னான்.

ஞானாம்பாள் பஸ் நிறுத்தத்துக் கடையில் மூன்று டீ சொன்னாள். அவரிடம் முதல் கிளாசைக் கொடுத்தாள்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இன்னும் போகலைங்க" என்றாள்.

"போக வேணாம்மா" என்றார் அவர்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புது லேபிள், ஒரே ஒரு பிரதி மட்டும் அடித்துக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையார் சுழி. தேனீ. சுத்தமான தேன். அவள் பெயர், ஊர். வேறொன்றும் இல்லை. அவள் தாளை வெயிலில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு தன் பெயரின் மேல் விரலை நிறுத்தினாள்.

"இது இவ்வளவு பொடியா இருக்கக் கூடாது."

அவர் பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தார். "எவ்வளவு பெருசா வேணுங்க?"

"அவரு பேரு எவ்வளவு பெருசா இருந்துச்சோ, அவ்வளவு."

இராஜாங்கம் பென்சிலைப் பிடித்தபடி தயங்கினார். அந்தத் தடித்த எழுத்து தம்மிடம் ஒரே ஒரு செட்டுத்தான் இருக்கிறது என்றும், பண்ணை பெயருக்கென்றே தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தது என்றும் சொன்னார்.

"இனிமே அதுக்கு வேற வேலை இல்லியே" என்றாள் ஞானாம்பாள்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் பெயரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் அளவை எழுதிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. அவர் எழுதி முடிக்கும் வரை அவள் ஏறவில்லை.